வெளிநாட்டில் வாடகை வீடும் வதிவு அனுமதியும்

சொந்த நாட்டில் ஒருவர் வீடு வாடகைக்கு எடுக்கும்போது அதில் இருவரே தொடர்புடையோர்: வீட்டுக்காரர், குடியிருப்பவர். வாடகையும் முன்பணமும் முடிவானால் சாவி கைக்கு வந்துவிடும். அயல்நாட்டில் நிலைமை அவ்வாறன்று. அங்கு அரசு மூன்றாம் தரப்பாக இடம்பெறுகின்றது. நாட்டினுள் நுழைய அனுமதிப்பது ஒன்று, குறிப்பிட்ட காலம் தங்கியிருக்க அனுமதிப்பது மற்றொன்று, குறிப்பிட்ட முகவரியில் குடியிருப்பதை ஏற்றுக்கொள்வது வேறொன்று. இம்மூன்றும் தனித்தனி அதிகாரிகளால், தனித்தனிச் சட்டங்களின்கீழ் வழங்கப்பெறுவன. நம் மக்களோ இம்மூன்றையும் ‘விசா’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றனர். வெளிநாட்டில் வேலை தேடிச் செல்வோருக்கு நேரும் இன்னல்களுள் பல இவ்வொரு சொற்குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டி அமைந்துள்ளது பாலசமுத்திரம். 1960 ஏப்ரல் முதல் நாள் செயலுக்கு வந்த எல்லை மாற்றத்தின்போது திருத்தணியும் அதனைச் சார்ந்த பகுதிகளும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. எல்லைக்கோட்டின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்தே பேசப்படுகின்றன. மாந்தோப்பும் கரும்பும் நிலக்கடலையும் மழையை நம்பியிருக்கும் இம்மாவட்டத்திலிருந்தும், அண்டையிலுள்ள திருப்பதி, கடப்பை மாவட்டங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் பல்லாண்டுகளாக வளைகுடா நாடுகளுக்கு, சிறப்பாகக் குவைத்துக்கு, வேலைக்குச் சென்று வருகின்றனர். குவைத்தில் வாழும் இந்தியர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அந்நாட்டின் அயல்நாட்டுச் சமூகங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆதலின் குவைத்தின் நடைமுறையை முதலில் சற்று விரிவாகக் காண்பது பொருத்தமாகும்.

குவைத்: அக்காமாவும் பத்தாக்காவும்

குவைத்தில் அயல்நாட்டினரின் வதிவை நெடுங்காலம் ஆண்டுவந்தது 1959ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம். அதற்கு மாற்றாக 2024ஆம் ஆண்டின் 114ஆம் எண் ஆணைச்சட்டம் பிறப்பிக்கப்பெற்று, 2025 ஜனவரி 5 முதல் செயற்பட்டு வருகின்றது. சட்டம் புதிதாயினும் அடிப்படை பழையதே. அயல்நாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளர் ஒருவர், அஃதாவது ‘கஃபீல்’, இருத்தல் வேண்டும். அவர் வழியாகவே ‘அக்காமா’ என்னும் வதிவு அனுமதி பெறப்படுகின்றது. அக்காமா கிடைத்தபின் குடிமைத் தகவல் பொது ஆணையம் ஓர் அட்டை வழங்கும். நம்மவர் வழக்கில் இது ‘பத்தாக்கா’. வங்கிக் கணக்கு, தொலைபேசி, மருத்துவமனை, சம்பளம் ஆகிய அனைத்தும் இந்த அட்டையின் எண்ணைச் சார்ந்தே இயங்குகின்றன. அட்டையோடு குடியிருப்பு முகவரியும் பதிவு செய்யப்படுகின்றது.

வாடகை வீட்டின் சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது. முகவரியைப் பதிவு செய்ய வாடகை ஒப்பந்தமோ வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோ வேண்டும். ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் குறைந்த ஊதியத்தில் உழைப்போர் பெரும்பாலும் முழு வீட்டை எடுப்பதில்லை. ஒரு கட்டிலுக்கான இடத்தையே எடுக்கின்றனர். ‘பெட் ஸ்பேஸ்’ என்று இதற்குப் பெயர். வீட்டை எடுத்தவர் ஒருவர், அதில் கட்டில் போட்டுப் படுப்போர் பத்துப் பேர் என்பது பரவலான ஏற்பாடு. இவர்களில் ஒப்பந்தத்தில் பெயருள்ளவர் முதலாமவர் மட்டுமே. ஏனையோர் ‘ஹாரிஸ்’ எனப்படும் கட்டடக் காவலரின் தயவிலும், முதல் வாடகையாளரின் தயவிலும் இருப்பவர்கள்.

குவைத்தின் வாடகைச் சட்டம் (1978ஆம் ஆண்டின் 35ஆம் எண் ஆணைச்சட்டம்) வாடகையாளருக்குக் கணிசமான பாதுகாப்பு அளிப்பதாகும். வாடகையை 5 ஆண்டுகள் கடந்தாலன்றி உயர்த்த இயலாது. குடியிருப்பவரை விருப்பம்போல் வெளியேற்றவும் இயலாது. ஆயினும் இப்பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரையே சாரும். கட்டிலுக்கு வாடகை கொடுப்பவர் சட்டத்தின் கண்ணில் அவ்வீட்டில் வாழவேயில்லை எனலாம்.

முகவரிப் பதிவு எவ்வளவு நுண்ணிய பொருளாகிவிட்டது என்பதற்கு 2024ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்து வருவது சான்றாகும். கட்டடம் இடிக்கப்பட்டாலோ, பதிவிலுள்ளவர் தம் கட்டடத்தில் குடியிருக்கவில்லை என்று உரிமையாளர் அறிவித்தாலோ, குடிமைத் தகவல் ஆணையம் அம்முகவரியை நீக்கிவிடுகின்றது. நீக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல் அரசிதழில் வெளிவருகின்றது. அவர்கள் 30 நாட்களுக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் 100 தினார் வரை தண்டம் விதிக்கப்படலாம். அரபு மொழி அரசிதழை நாள்தோறும் படிக்கும் கட்டடத் தொழிலாளர் எத்தனை பேர் இருப்பர்? தம் முகவரி நீங்கியதை அட்டையைப் புதுப்பிக்கச் செல்லும் நாளில்தான் பலர் அறிகின்றனர்.

ஊதிய வரம்பு என்னும் வீட்டுக் கொள்கை

குடும்பத்தை அழைத்துவர விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது வீடன்று, ஊதியம். குடும்ப விசா வழங்கல் இடையில் நிறுத்தப்பட்டிருந்து 2024 ஜனவரி இறுதியில் மீண்டும் தொடங்கியபோது, மாத ஊதியம் 800 தினாருக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என வரையறுக்கப்பெற்றது. முந்தைய வரம்பு இதனினும் குறைவு. தனியார் துறையில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2017இல் 75 தினார் என நிர்ணயிக்கப்பட்டதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்ச ஊதியம் பெறுபவர் அதனைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தினாலன்றித் தம் மனைவியுடன் அந்நாட்டில் வாழ இயலாது.

இவ்வரம்பைக் குடியேற்ற விதி என்றே பொதுவாகக் கருதுவர். பொருளாதார நோக்கில் இஃது ஒரு வீட்டுவசதிக் கொள்கையும் ஆகும். எங்ஙனமெனில், குவைத்தில் தனியார் குடியிருப்புப் பகுதிகளில் குடும்பமின்றி வாழும் ஆண்களுக்கு வீடு விடுவது தடை செய்யப்பட்டுள்ளது. கத்தாரிலும் 2010ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டம் குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் தொழிலாளர் விடுதிகளைத் தடுக்கின்றது. ஆகவே ஊதிய வரம்பு மிகப் பெரும்பாலோரைக் குடும்பமற்றவர்களாக்குகின்றது. பகுதித் தடையோ அவ்வாறு ஆக்கப்பட்டவர்களைச் சில இடங்களுக்குள் மட்டும் ஒதுக்குகின்றது. ஜலீப் அல் ஷுயூக், ஃபர்வானியா, கைத்தான், மங்காஃப், மஹ்பூலா என நம் கிராமங்களிலும் பெயர் தெரிந்த இடங்கள் இவையே. தேவை ஓரிடத்தில் குவிய, வழங்கல் குறுகியிருக்க, விளைவு என்னவாகும் என்பதைப் பொருளியல் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கணக்கின் எளிமைக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வீட்டின் மாத வாடகை 250 தினார். அதனை எடுத்தவர் 12 கட்டில்களைப் போட்டுத் தலைக்கு 25 தினார் வாங்குகின்றார். வரவு 300 தினார்; மீதி 50. அவர் 15 கட்டில் போட்டால் மீதி 125. கட்டில் ஒவ்வொன்றும் கூடுந்தோறும் மற்றவர்களின் காற்றும் வெளிச்சமும் வெளியேறும் வழியும் குறைகின்றன. ஆனால் அக்குறைவு எவர் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை. 150 தினார் ஈட்டுபவருக்கு 25 தினார் என்பது ஊதியத்தில் ஆறில் ஒரு பங்கு. அதனையும் மிச்சப்படுத்த எண்ணுபவர் 18 தினாருக்குக் கிடைக்கும் இடத்தைத் தேடுவார். அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கூடும் 7 தினார் அவருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்படுவதாகும். அயல்நாட்டிலிருந்து வரும் பணத்தைப் பற்றிய நம் ஆய்வுகளில் வங்கிக்கு வந்த தொகை மட்டுமே பதிவாகின்றது. அத்தொகை எவ்வாறு மிச்சப்பட்டது என்பது பதிவாவதில்லை.

நிறுவனமே தங்குமிடம் தரும் நிலையில் வாடகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நெருக்கடி மறைவதில்லை. 2024 ஜூன் 12 விடியற்காலையில் மங்காஃபில் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றியது. அங்கு ஏறத்தாழ 196 பேர் தங்கியிருந்தனர். தரைத்தளத்தில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் எனத் தீயணைப்புத் துறை அறிவித்தது. புகை மேல்தளங்களுக்குப் பரவியதில் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். 45 இந்தியர்களின் உடல்கள் ஜூன் 14 அன்று இந்திய விமானப்படை விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் 7 பேர், ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தோர் 3 பேர். அவர்கள் முறையான வேலையில், நிறுவனம் அளித்த தங்குமிடத்தில் வாழ்ந்தவர்கள். ஆவணங்கள் சரியாக இருத்தல் ஒன்று, வாழுமிடம் பாதுகாப்பாக இருத்தல் வேறு.

வீட்டுப் பணிப்பெண்ணின் நிலை

சித்தூர், கடப்பைப் பகுதிகளிலிருந்து செல்லும் பெண்களுள் பெரும்பாலோர் வீட்டுப் பணியாளர்கள். இவர்கள் பெறுவது ‘காதிம் விசா’. 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டப்படி உணவும் உறைவிடமும் அளிப்பது வேலை தருபவரின் கடமை. கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால் வேலையும் வதிவு அனுமதியும் கூரையும் ஒரே மனிதரிடமிருந்து வருகின்றன என்பதே இதன் பொருள். ஊதியம் நிறுத்தப்பட்டு, அல்லது கொடுமை பொறுக்காது ஒருத்தி அவ்வீட்டைவிட்டு வெளியேறினால் அவ்வொரு கணத்தில் மூன்றையும் இழக்கின்றாள். வேலை தந்தவர் ‘ஓடிப்போனாள்’ என்று புகார் கொடுத்துவிட்டால் அக்காமா நீங்கும். அதன்பின் ஊர்க்காரர் ஒருவரின் வாடகை அறையில் அவள் தங்கினால் தங்கவைத்தவரும் குற்றவாளியாகின்றார். வதிவு அனுமதியற்றவருக்கு இடமளிப்பதைப் புதிய சட்டமும் தடை செய்கின்றது.

இத்தகையோர் செல்லத்தக்க இடம் இந்தியத் தூதரகம். துயருற்ற பெண்களுக்கான தங்குமிடம் ஒன்று அதன் பொறுப்பில் நடத்தப்பெறுகின்றது. 2009இல் ஏற்படுத்தப்பெற்ற இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உணவு, தங்குமிடம், பயணச்சீட்டு ஆகியவற்றுக்கு உதவி வழங்க வழியுள்ளது. குவைத் அரசும் அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவித்துள்ளது. 2018 ஜனவரியில் தொடங்கிய ஒன்றும், 2024 மார்ச் 17இல் தொடங்கி ஜூன் வரை நீண்ட மற்றொன்றும் குறிப்பிடத்தக்கவை. அக்காலத்தில் தண்டமின்றி நாடு திரும்பலாம் என்றபோது அதுவரை மறைந்து வாழ்ந்தோர் பலர் வெளிவந்தனர்.

‘ஆசாத் விசா’ என்று முகவர்கள் கூறுவதைப் பற்றியும் இங்குச் சொல்லியாக வேண்டும். எங்கும் வேலை செய்யலாம், எங்கும் தங்கலாம் என்று சொல்லி விற்கப்படும் இவ்விசாவுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு கஃபீலின் பெயரில் அக்காமா பெற்று, வேறிடத்தில் வேலை செய்வதே இதன் நடைமுறை. தாளில் ஒரு முகவரி, வாழ்வில் வேறொரு முகவரி. சோதனை நடக்கும் இரவில் இவ்விரண்டும் ஒத்துவராமையே நாடுகடத்தலுக்குப் போதுமான காரணமாகிவிடும்.

துபாய்: ஒப்பந்தத்தைப் பதிவு செய்தல்

ஐக்கிய அரபு அமீரகம் சற்று வேறு வழியில் சென்றுள்ளது. துபாயில் வீட்டுக்காரர், வாடகையாளர் உறவை 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டமும் அதனைத் திருத்திய 2008ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. 2010 முதல் வாடகை ஒப்பந்தங்கள் ‘இஜாரி’ என்னும் பதிவேட்டில் ஏற்றப்பெறுகின்றன. அபுதாபியில் இதுபோன்ற பதிவு ‘தவ்தீக்’ எனப்படுகின்றது. பதிவு பெற்ற ஒப்பந்தமின்றிக் குடும்பத்திற்கு வதிவு அனுமதி கிடைப்பதரிது. மின்சாரம், நீர் இணைப்பும் இதனையே சார்ந்துள்ளது. ஊதிய வரம்போ குவைத்தைப்போல் உயர்ந்ததன்று. மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருப்பின் மனைவி மக்களை அழைக்கலாம். 2019இல் தொழிலின் பெயரைக் கருதாது வருமானத்தை மட்டும் கருதுமாறு விதி மாற்றப்பெற்றது. அதற்கு முன்னர் ஓட்டுநர், கொத்தனார் போன்ற பல தொழிலினர் வருமானம் இருந்தும் விலக்கப்பட்டிருந்தனர்.

இங்கு வாடகையை மாதந்தோறும் கொடுப்பது அரிது. ஓராண்டு வாடகையைச் சில தவணைகளாகப் பிரித்துப் பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே அளித்துவிட வேண்டும். காசோலை எழுத வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் தொடங்க வதிவு அடையாள அட்டை வேண்டும், குடும்பத்தின் வதிவுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். இச்சுழலை எங்கே தொடங்குவது என்று தெரியாத புதியவர் இடைத்தரகரிடம் போய் விழுகின்றார். உரிய வரிசை இது: முதலில் தொழிலாளியின் சொந்த வதிவு அனுமதியும் அட்டையும், அடுத்து வங்கிக் கணக்கு, பின்னர் வீட்டு ஒப்பந்தமும் பதிவும், இறுதியில் குடும்பம். குடும்பத்தைப் பார்வையாளர் விசாவில் அழைத்துவந்து, பிறகு மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவோர் நாட்கணக்கில் தண்டம் கட்ட நேர்கின்றது.

2022 முதல் ஒப்பந்தக்காரர் மட்டுமன்றி உடன் வாழ்வோர் அனைவரின் பெயரையும் பதிவு செய்யும் ஏற்பாடு துபாயில் வந்துள்ளது. கட்டில் வாடகையில் வாழ்வோரைப் பதிவேட்டினுள் கொண்டுவருவது நல்லதே. ஆனால் இட அளவு விதியும் உடன் வருகின்றது. தலைக்கு 5 சதுர மீட்டர் வேண்டும். அவ்வளவுக்கு மேற்பட்டோரைப் பதிய இயலாது. பதிய இயலாதவர் எங்கே போவார் என்பதற்கு விதியில் விடையில்லை.

சிங்கப்பூர்

தமிழ்நாட்டின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கட்டுமானத் தொழிலாளர்க்கு வேறொரு வகை விதி. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்வது வீட்டுவசதி வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில். இவற்றை வாடகைக்கு எடுக்க அயல்நாட்டவரின் அனுமதிச்சீட்டு, விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். வாடகைக் காலமும் 6 மாதத்திற்குக் குறையலாகாது. கட்டுமானம், உற்பத்தி, கப்பல் தளம் முதலிய துறைகளில் ‘ஒர்க் பெர்மிட்’ உடையோர் மலேசியராக இருந்தாலன்றி இவ்வீடுகளை எடுக்க இயலாது. 2014இல் வந்த மற்றொரு விதிப்படி, முழு வீட்டை எடுக்கும் மலேசியரல்லாத அயல்நாட்டினர் வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் கட்டடத்தில் 11 விழுக்காட்டையும் தாண்டலாகாது. ஒரே நாட்டவர் ஓரிடத்தில் குவிவதைத் தடுப்பதே நோக்கம் என்பர். தனியார் வீடுகளில் வாடகைக் காலம் குறைந்தது 3 மாதம்.

எனவே நம் தொழிலாளர் பெரும்பாலும் விடுதிகளில் தங்குகின்றனர். 2015இல் இயற்றப்பெற்ற அயல்நாட்டு ஊழியர் விடுதிச் சட்டம் முதலில் 1,000 பேருக்கு மேற்பட்ட விடுதிகளையே தழுவியது. 2020இல் கொள்ளைநோய் அவ்விடுதிகளில்தான் மிகக் கடுமையாகப் பரவியது; அவ்வாண்டு அந்நாட்டில் நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளரே. பின்னர் 2023 ஏப்ரலில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டில்களையுடைய எல்லா விடுதிகளையும் அச்சட்டத்தினுள் கொணர்ந்தனர். நெருக்கம் என்பது வாடகைச் சிக்கல் மட்டுமன்று, பொதுச் சுகாதாரச் சிக்கலும் ஆகும் என்பதை ஒப்புக்கொள்ள ஒரு நோய் தேவைப்பட்டது.

வீட்டுக்காரரின் கடமை சிங்கப்பூரில் திட்டவட்டமானது. வாடகைக்கு வரும் அயல்நாட்டவரின் அசல் அனுமதிச்சீட்டைப் பார்த்தல், அதனைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிடுதல், வழங்கிய துறையிடம் சரிபார்த்தல் என மூன்றையும் செய்தாக வேண்டும். தெரிந்தே அனுமதியற்றவரைத் தங்கவைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை தண்டமும் உண்டு. ‘என் நண்பர் சொன்னார், வைத்துக்கொண்டேன்’ என்பது எதிர்வாதமாகாது.

ஐரோப்பாவில்

இங்கிலாந்தில் இக்கடமை 2014ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் வந்தது. 2016 பிப்ரவரி முதல் நாடு முழுதும் செயற்படுகின்றது. வாடகைக்கு வருபவரின் வதிவு உரிமையை வீட்டுக்காரர் சரிபார்த்தல் வேண்டும். 2024 பிப்ரவரியில் தண்டம் பன்மடங்கு உயர்ந்து, முதல் மீறலுக்கே ஒரு குடியிருப்பாளருக்கு 10,000 பவுன் வரை ஆயிற்று. இதனால் அயல்நாட்டுப் பெயருடையோருக்கு வீடு மறுக்கப்படுகின்றது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாகுபாடு ஓரளவு நேர்வதை மறுக்காமலே, சட்டம் செல்லும் என்றது. காவல்துறையின் வேலையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தால் அவர் எளிய வழியையே தேர்வார்: ஐயத்துக்குரியவருக்கு வீடில்லை. ஜெர்மனியிலோ குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதித்தரும் உறுதிச்சீட்டு வேண்டும். அதனைத் தர மறுக்கும் அறைகளை மலிவு என்று எடுக்கும் மாணவர்கள் வதிவு அனுமதி வரையில் இடர்ப்படுகின்றனர்.

நம் நாட்டில் அயல்நாட்டினர்

இப்பொருளின் மறுபக்கமும் சித்தூர், திருப்பதிப் பகுதியிலேயே காணக்கிடைக்கின்றது. சத்தியவேடு அருகே அமைந்த ஸ்ரீசிட்டி தொழில் வளாகத்தில் ஜப்பான் முதலிய நாடுகளின் நிறுவனங்கள் இயங்குகின்றன. அங்குப் பணியாற்றும் அயல்நாட்டு அலுவலருக்கு வீடு விடுவோர் அறிய வேண்டிய விதிகள் சில.

1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள் உள்ளிட்ட நான்கு சட்டங்களுக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் செயலுக்கு வந்தது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் வந்த 14 நாட்களுக்குள் பதிவு அலுவலரிடம் பதிதல் வேண்டும் என்பது நெடுநாளைய முறை. இப்பதிவு 2018 முதல் இணையவழியே நடைபெறுகின்றது. இடமளிப்பவர் 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டவரின் வருகையைத் தெரிவித்தல் வேண்டும். முன்னர் இது ‘சி படிவம்’ எனப்பட்டது. விடுதிகள் இதனை வழக்கமாகச் செய்கின்றன. மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடும் தனிமனிதருக்கு இக்கடமை தமக்கும் உண்டென்பதே தெரிவதில்லை.

பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் வதிவுச் சான்றாகக் கோரப்படும். இங்கு நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கிடுகின்றது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அச்செலவைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் எழுதுவதே எங்கும் பழக்கம். மூன்றாண்டு விசாவில் வந்தவர் 11 மாதத் தாளைக் காட்டினால் அது காலாவதியான பின் அவர் மீண்டும் புதிய தாளைத் தரவேண்டியிருக்கும். இருசாராரும் தொடக்கத்திலேயே இதனைக் கருதுவது நலம். பொதுவாக, அயல்நாட்டவர் 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு ரிசர்வ் வங்கியின் முன்னனுமதி பெற வேண்டியதில்லை; சில குறிப்பிட்ட நாட்டவர்க்கு மட்டும் வேறு விதி.

அலுவலர் செய்யத்தக்கவை

1983ஆம் ஆண்டின் புலம்பெயர்வுச் சட்டம் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் குவைத், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லப் புலம்பெயர்வோர் பாதுகாவலரின் இசைவு பெற வேண்டும். பெண்களுக்கு வயது 30 நிறைந்திருத்தல் வேண்டும். 2016 முதல் இத்தகைய பெண்களை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அதற்கென அயல்நாட்டு மனிதவளக் கழகங்கள் உள்ளன. இசைவுக்கு அளிக்கப்பெறும் வேலை ஒப்பந்தத்தில் தங்குமிடம் என்ற பகுதியும் உண்டு. ‘நிறுவனம் அளிக்கும்’ என்ற இரு சொற்களே அங்குப் பெரும்பாலும் எழுதப்படுவன. எந்த நகரில், அறைக்கு எத்தனை பேர், முகவரிப் பதிவை யார் செய்வார், தங்குமிடத்துக்குப் பதில் படி தருவதாயின் எவ்வளவு என்பவற்றைக் கேட்டு எழுதச் செய்ய இப்போதுள்ள சட்டமே போதும். புதிய ஆணை ஏதும் வேண்டியதில்லை.

புறப்படுமுன் அளிக்கப்பெறும் பயிற்சி வகுப்பில் விமான நிலையத்தில் நடந்துகொள்ளும் முறை, நாட்டின் பழக்கவழக்கம் ஆகியன சொல்லித்தரப்படுகின்றன. வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி, கட்டில் வாடகைக்குப் பற்றுச்சீட்டு வாங்குவது ஏன், முகவரி மாறினால் எத்தனை நாளில் எங்கே தெரிவிப்பது என்பவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பாலசமுத்திரம் போன்ற எல்லை ஊர்களில் தெலுங்கில் மட்டும் அச்சிட்ட கையேடு வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்க்குப் பாதியே பயன்படும். எல்லைக்கு இப்பால் பள்ளிப்பட்டில் தமிழில் மட்டும் தருவதும் அத்தகையதே. இரு மொழியிலும் ஒரே தாளின் இரு பக்கமாக அச்சிடுவதற்குச் செலவு மிகுதியன்று. அத்தாளில் தொழிலாளியின் கடவுச்சீட்டு எண், வேலை தருபவரின் பெயர், தங்குமிட முகவரி ஆகியவற்றை எழுத இடம் விட்டு, ஒரு படியைக் குடும்பத்தினரிடம் கொடுத்துச் செல்லுமாறு கூறுதல் வேண்டும். அயல்நாட்டில் ஒருவர் காணாமற்போனார் என்று மனைவியோ தந்தையோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்போது, தூதரகத்துக்கு எழுதும் கடிதத்தில் முதலில் கேட்கப்படுவது இம்மூன்று விவரங்களே.